அரைக்கட்டிச் சவர்க்காரம்

நீங்களும் நானும் ஒரே வயதுக்காரர். ஐம்பதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறோம். மார்கழி நெருங்கினால் உங்களில் யாராவது ஒருவர் அந்தப் பழைய காலத்தைப் பற்றி எழுதிவிடுகிறீர்கள். மின்சாரம் இல்லை, சீனி இல்லை, லாம்பெண்ணெய் இல்லை, ஆனாலும் இருந்ததைப் பகிர்ந்து உண்டோம், எங்கள் கோயில் பங்கில் ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை என்று எழுதுகிறீர்கள். வாசிக்கும்போது எனக்குக் கன்னம் சுடுகிறது.

பகிர்ந்தது உண்மை. யார் பகிர்ந்தார்கள், பகிர்ந்ததாக யார் பெயர் எடுத்தார்கள் என்பதுதான் நீங்கள் எழுதாமல் விடுகிற பகுதி. அந்தப் பகுதியில் என் அம்மா இருக்கிறாள். அதனால் அதை நான் எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுவேன். முப்பது வருடத்துக்கு மேலாகியும் ஆறாத கோபத்தை இனி ஆற வைத்து என்ன செய்வது?

சண்டைக்குப் பயந்து மயிலிட்டியை விட்டு நாங்கள் ஓடிவந்து இரண்டாவது மார்கழி அது. எனக்குப் பன்னிரண்டு வயது, தங்கச்சிக்கு நாலு. அப்பா முல்லைத்தீவுப் பக்கம் வேறொருவரின் படகில் தொழிலுக்குப் போயிருந்தார். போய் இரண்டு மாதமாகச் செய்தி இல்லை. பட்டினத்துக்குக் கிட்ட இருந்த ஒரு கத்தோலிக்கக் கோயிலின் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இடம் தந்திருந்தார்கள். ஒரு வகுப்பறைக்குள் ஐந்து குடும்பம். சீலைகளைக் கட்டித்தான் மறைப்பு. காலையில் பள்ளிக்கூடம் நடக்கும் என்பதால் ஏழு மணிக்கு முன்னமே பாயைச் சுருட்டி, றங்குப்பெட்டியைச் சுவரோரம் தள்ளி, பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குகளைத் திரும்ப வரிசையாக்கிவிட்டு வெளியே போய்விடவேண்டும். மழை நாளில் எங்கே போவது? கோயில் சுவரோடு ஒண்டிக்கொண்டு நிற்போம். உள்ளே எங்கள் வயதுப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்கும். நாங்கள் பின்னேர வகுப்பு.

உடுப்புத் தோய்க்கச் சவர்க்காரம் இல்லை, சோப்பு என்று எதுவுமே இல்லை. பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில்தான் தோய்த்தோம். காய்ந்த பிறகும் மணம் போகாது. கொடியில் போட்ட சட்டையை மாடு வந்து சப்பும். என்னிடம் இருந்த ஒரேயொரு நல்ல சட்டையின் கைப்பக்கம் அப்படித்தான் போனது. வகுப்பில் ஊர்ப்பிள்ளைகள் எங்களைக் கடந்து போகும்போது மூக்கைச் சுளிப்பார்கள். அவர்கள் வீட்டிலும் பனம்பழம்தான், ஆனால் எங்களில்தான் மணந்தது.

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, முந்திய திருவருகைக்காலம் தொடங்கியதும் பீடத்தில் ஊதாத் துணி விரித்தார்கள். மெழுகுதிரி கிடைக்காததால் நாலு ஜாம் போத்தலில் இலுப்பெண்ணெய் விட்டுத் திரி போட்டு, ஞாயிற்றுக்கு ஒன்றாய் ஏற்றினார்கள். பெண்கள் சபைக்குத் தலைவியாக இருந்த ரீச்சர் முதல் ஞாயிறே அறிவித்தார்: ஒவ்வொரு வீடும் வாரத்தில் ஒரு நேரச் சாப்பாட்டை ஒறுத்து அந்த அரிசியைக் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தார்கள். அதில் நான் குறை சொல்லமாட்டேன். தாங்களே மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றுகொண்டிருந்த சனம், பீடத்தடியில் இருந்த பனையோலைக் கடகத்தில் ஒரு சுண்டு அரிசியைக் கொட்டிவிட்டுச் சத்தமில்லாமல் போய் இருந்ததை நான் கண்ணால் கண்டேன். அவர்களில் ஒருவரின் முகமும் இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

மூன்றாவது ஞாயிறு பொதி கொடுத்தார்கள். குடும்பத்துக்கு ஒன்று. அரிசி, கோதுமை மா, பருப்பு, கொஞ்சம் சீனி, அதற்கு மேல் காகிதத்தில் சுற்றி அரைக்கட்டிச் சவர்க்காரம். நூலால் அறுத்த ரோசாப்பூ நிறச் சவர்க்காரம். வாசம் காகிதத்தையும் தாண்டி வந்தது.

கொடுப்பதற்கு முன் ஒரு சடங்கு இருந்தது. இடம்பெயர்ந்த பிள்ளைகளின் சார்பில் ஒருவர் நன்றி சொல்ல வேண்டும். தமிழ் நன்றாக வாசிப்பேன் என்பதால் ரீச்சர் என்னைப் பிடித்தார். எங்கள் நன்றியை அவரே எழுதியிருந்தார். ‘கதியற்று வந்த எங்களுக்குக் கைகொடுத்த கருணை உள்ளங்களே’ என்று தொடங்கும். நான் மெதுவாக வாசித்தேன். ரீச்சர் இடையில் நிறுத்தினார்.

“சத்தமாய்ச் சொல்லும் பிள்ளை. பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்குக் கேக்க வேண்டாமோ? முதலிலை இருந்து சொல்லும்.”

கதியற்று வந்த நாங்கள் என்று இரண்டு தரம் சொன்னேன். இரண்டாம் தரம் கத்திச் சொன்னேன். கை தட்டினார்கள்.

எங்கள் முறை வந்தபோது அம்மா பொதியை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

“ரீச்சர், இன்னுமொண்டு தருவியளோ? எனக்கில்லை. பின் ஒழுங்கையிலை ஒரு வயசான சோடி இருக்கினம். மனுசன் எழும்பேலாமல் கிடக்கிறார்.”

“எங்கடை பங்குச் சனமோ?”

“இல்லை ரீச்சர். சைவ சமய ஆக்கள்.”

“அப்ப அவையளை அவையின்ரை ஆக்கள் பாப்பினம். இண்டைக்கு ஒண்டு குடுத்தால் நாளைக்குப் பத்துப் பேர் வந்து நிப்பினம். நீர் உம்மடை பிள்ளையளைப் பாரும்.”

அம்மா பொதியோடு திரும்பி நடந்தாள். வகுப்பறைக்கு வந்து பொதியை அவிழ்த்தாள். அரிசியைச் சுண்டால் அளந்து இரண்டாக்கினாள். மாவையும் பருப்பையும் அப்படியே. சவர்க்காரத்தை மட்டும் பிரிக்கவில்லை. முழுதாக எடுத்து மற்றப் பங்கோடு வைத்துக் கட்டினாள்.

“சவுக்காரம் எங்களுக்கு இல்லையோ?” என்று கேட்டேன்.

“வா, வந்து பார்” என்றாள்.

கோயிலுக்குப் பின்னால் போகும் குறுகிய ஒழுங்கையின் கடைசி வளவில் ஒரு வண்டில் கொட்டில் இருந்தது. வண்டிலும் இல்லை, மாடும் இல்லை. சாக்கைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார்கள். உள்ளே இருந்து எட்டிப்பார்த்த மனிசியைக் கண்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்வீட்டுக்காரி!

அவரை எனக்குத் தெரியும். ஊரில் இருந்தபோது அம்மா விடியக் கரையில் மீன் வாங்கிக் கடகத்தில் சுமந்துகொண்டு மூன்று மைல் நடந்து செம்மண் பக்கத்துக் கிராமங்களில் விற்பாள். பள்ளிக்கூட விடுமுறையில் நானும் கூடப் போவேன். அங்கே வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பெரிய கல்வீடு. அந்த வீட்டுக்காரி மீனை நல்லாய்த் தெரிந்தெடுத்து வாங்குவார். ஆனால் எங்களைப் படலைக்கு உள்ளே விடமாட்டார். தாகமென்றால் தண்ணீர் தருவார், வேலிக் கதியால் தடியில் எங்களைப் போன்றவர்களுக்கென்று கவிழ்த்து வைத்திருந்த தகரப் பேணியில். அதில் முட்டாமல் உயரத் தூக்கி ஊற்றுவார். குடித்துவிட்டு நாங்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். அம்மாவுக்கு ஒரு பெயர் இருந்ததே அவருக்குத் தெரியாது. மீன்காரி.

அவர்களுடைய ஊரும் எங்களைப் போலவே கிளம்பியிருக்கிறது. வரும் வழியில் மனுசனுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நிவாரண அட்டை வேறெங்கோ பதிவில் சிக்கிக் கிடந்தது. வரிசையில் போய் நின்று கேட்கிற பழக்கம் அந்த மனிசிக்கு இல்லை. முன்னமே இரண்டு தரம் அம்மா கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா அந்த மனிதரைப் பக்கவாட்டில் திருப்பினாள். முதுகின் கீழ்ப்பக்கத்தில் என் உள்ளங்கை அளவுக்குப் புண். தங்கச்சியின் கை நுழையும் ஆழம். அந்த மணத்தை நான் எழுதப் போவதில்லை. அம்மா சவர்க்காரத்தைக் காகிதத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கல்வீட்டுக்காரி அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்தார்.

“பிள்ளை, உதை ஒருதருக்கும் சொல்லிப்போடாதை. எங்கடை ஊராக்கள் உந்தப் பக்கத்திலை நாலைஞ்சு பேர் இருக்கினம். நான் வாங்கிச் சாப்பிடுறன் எண்டு கேள்விப்பட்டால் பிறகு உயிரோடை இருந்து வேலையில்லை.”

“ஒருதருக்கும் சொல்லமாட்டன் அம்மா” என்றாள் என் அம்மா.

திரும்பி வரும்போது நான் பொருமிக்கொண்டே வந்தேன். “எங்களைப் படலைக்குள்ளை விடாத மனிசிக்கு ஏன் முழுச் சவுக்காரத்தையும் குடுத்தனீங்கள்?”

“வாயைப் பொத்திக்கொண்டு வா.”

அந்தக் கிழமை அம்மா தினமும் பின்னேரத்தில் சீலைத் தலைப்பால் ஒரு சட்டியை மூடிக்கொண்டு போய்வந்தாள். கோயில் வேலைகளைப் பார்த்துவந்த மூப்பர் அதைக் கண்டிருக்கிறார். வியாழக்கிழமை ரீச்சர் வந்தார். மூப்பரும் சபைப் பெண்கள் இரண்டு பேரும் கூட வந்தார்கள். வகுப்பறையில் மற்ற நாலு குடும்பமும் இருந்தது.

“உம்மடை பொதி எங்கை?”

“சமைச்சுச் சாப்பிட்டிட்டம் ரீச்சர்.”

“நாலு நாளிலையோ? சவுக்காரத்தையும் திண்டனீரோ?”

ஒரு பெண் சிரித்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

“எங்கை வித்தனீர்?”

“விக்கேல்லை ரீச்சர்.”

“அப்ப ஆருக்குக் குடுத்தனீர்?”

அம்மா வாயைத் திறக்கவில்லை. சபைப் பெண் ஒருத்தி எங்கள் பாயை உதறினாள். மற்றவள் றங்குப்பெட்டியைத் திறந்து அம்மாவின் கலியாணப் படத்தையும் எங்கள் ஞானஸ்நானப் பத்திரங்களையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு அடியில் தடவினாள். பிறகு அவள் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். குனிந்து, தங்கச்சியின் தலையையும் கழுத்தையும் மணந்து பார்த்தாள். சவர்க்காரம் போட்டுக் குளித்த பிள்ளையா என்று! நிமிர்ந்து, “இல்லை ரீச்சர், பனம்பழம்தான் மணக்குது” என்றாள். தங்கச்சிக்கு விளங்கவில்லை. யாரோ கொஞ்ச வருகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

உங்களில் சிலர் அன்று சன்னலால் எட்டிப் பார்த்தீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நாலாவது ஞாயிறு, நாலு விளக்கும் எரிந்துகொண்டிருக்க, பூசை முடிவில் ரீச்சர் அறிவித்தல் வாசித்தார். “ஏழையளுக்கெண்டு வாய் கட்டிச் சேர்த்த சாமானைச் சந்தையிலை கொண்டுபோய் விக்கிற ஆக்களும் எங்களுக்குள்ளை இருக்கினம். அப்பிடிப்பட்ட குடும்பத்துக்கு நத்தாருக்கு ஒண்டும் குடுக்கிறதில்லை எண்டு சபை தீர்மானிச்சிருக்குது.” பெயர் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. பூசை வைத்த பாதிரியார், எங்கள் பங்குச் சுவாமி, பீடத்தில் இருந்த புத்தகத்தைத் திறந்து எதையோ தேடினார். அவருக்கு அம்மாவிடம் ஒரு சொல் கேட்க நேரம் கிடைக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

முகாமில் அம்மாவோடு ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் கல்லைத் தூக்கித் தள்ளி வைத்தார்கள். மயிலிட்டியில் எங்களுக்கு மூன்றாம் வீட்டுக்காரர்கள் அவர்கள். அம்மா புதிதாக மூன்று கல் தேடினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் தண்ணீர் அள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, குடத்தைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, ஒழுங்கையால் ஓடினேன். கல்வீட்டுக்காரி கரண்டியால் கணவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். எங்கள் கஞ்சி.

“உங்களாலைதான் என்ரை அம்மாவைக் கள்ளி எண்டு கோயிலிலை சொன்னவை! உங்களைப் பற்றிச் சொல்லமாட்டன் எண்டு அவ வாயைத் திறக்காமல் நிக்கிறா. நீங்கள் எங்களைப் படலைக்குள்ளையும் விடாத ஆக்கள்தானே!”

கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாய் கோணிப்போன அந்த மனிதரின் கண்கள் மட்டும் என்னையே பார்த்தன. சொன்ன சொல்லுக்காக நான் இன்றும் வருந்தவில்லை. அந்த மனிதருக்கு முன்னால் சொன்னதற்காக வருந்துகிறேன்.

அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். ஈரக் கையால் அறைந்தாள். அவள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

“நான் குடுத்த வாக்கை நீ ஆரடி உடைக்க?”

நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம் மழை விட்டிருந்தது. மூப்பர் ஒரு பொதியோடு வந்து சீலை மறைப்புக்கு வெளியே நின்று செருமினார். பொதியில் சீனி, தேயிலை, இரண்டு சட்டைத் துணி.

“ரீச்சர் குடுத்துவிட்டவ.”

“எங்களுக்கு ஒண்டும் இல்லையெண்டெல்லோ சொன்னவை?” என்றாள் அம்மா.

மூப்பர் தலையைச் சொறிந்தார். “முந்தநாள் ஒரு வயசான சைவ மனிசி வந்து ரீச்சரின்ரை கேற்றடியிலை நிண்டு சத்தம் போட்டுட்டுப் போச்சு. ‘நீங்கள் கள்ளி எண்டு சொன்னவள்தான் எனக்கும் என்ரை மனுசனுக்கும் சோறு தாறவள். வந்து என்ரை கொட்டிலைப் பாருங்கோ’ எண்டு. அயல் முழுக்கக் கேட்டது. எங்களுக்குத் தெரியாமல் போச்சுதல்லோ.”

அம்மா ஒழுங்கைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாருக்கும் தெரியக்கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்ட மனிசி, ஊரறிய நின்று கத்தியிருக்கிறார்.

“அப்ப நாளைக்குப் பூசையிலை ரீச்சர் சொல்லுவாவோ?”

“என்னத்தை?”

“நான் விக்கேல்லை எண்டதை.”

“அது பிள்ளை… நத்தார் நாளிலை ஏன் உந்தக் கதை? பொதியை வையுமன்.”

பழியைக் கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால் சொன்னார்கள். தவறு தெரிந்தபின் இரண்டு முழத் துணியைக் கொடுத்தனுப்பினார்கள். இதைத்தான் நீங்கள் பகிர்ந்து உண்ட காலம் என்று எழுதுகிறீர்கள்.

பொதியைத் திருப்பி எறியுங்கள் என்று நான் அம்மாவின் சீலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா எறியவில்லை. மூப்பரிடம் “சரி” என்று மட்டும் சொல்லி வாங்கி வைத்தாள். சீனியில் பாதி அன்றைக்கே ஒழுங்கைக்குப் போனது. நான் அந்தத் துணியைத் தொடவில்லை. நத்தார்க் காலைப் பூசைக்கு, மாடு சப்பிய கையோடு என் பழைய சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். பூசை முடிந்து வரும்போது ரீச்சர் வாசலில் எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டு நின்றார். தங்கச்சியின் தலையைத் தடவி, “சந்தோசமோ பிள்ளை?” என்றார். ரீச்சர் அவ்வளவுதான் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

தை மாதம் அந்த மனிதர் இறந்துபோனார். கல்வீட்டுக்காரியை உறவுக்காரர் யாரோ வந்து வன்னிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. பிறகு சண்டை பட்டினத்துக்கும் வந்து எல்லாரும் ஓடினோம். ரீச்சர் வெகுகாலம் உயிரோடு இருந்தார். உங்கள் கட்டுரைகளில் இப்போதும் கடகத்தோடு நிற்கிறார். அவரும் பசி பார்த்தவர், அவரும் ஒறுத்தவர், எனக்கு அது தெரியும். அந்தப் பள்ளிக்கூடத்தை எங்களுக்குத் திறந்துவிடச் சொன்னவரும் அவர்தான் என்று பிற்காலத்தில் கேள்விப்பட்டேன். தெரிந்தும் என் கோபம் குறையவில்லை. அம்மாவைப் பற்றி ஒரு வசனம் சொல்ல அவருக்கு எத்தனை ஞாயிறு இருந்தது!

அம்மாவின் கடைசிக் காலத்தில் ஒருநாள் அவளிடம் கேட்டேன். குசினித் தரையில் இருந்து சூடைமீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கண் மங்கிவிட்டது, ஆனால் கை மறக்கவில்லை.

“எப்பிடியம்மா உங்களுக்கு அந்த மனிசியிலை இரக்கம் வந்தது? அவ செய்ததெல்லாம் மறந்து போச்சோ?”

இவ்வளவு காலமும் என் அம்மா ஒரு புனிதை என்று நான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

“இரக்கமோ?” என்றாள் அம்மா. “ஆர் சொன்னது? முருங்கை இலை ஒடிக்கப் போன இடத்திலைதான் அந்த மனிசியைக் கண்டனான். அடுத்தநாள் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனது இரக்கத்திலை இல்லை. என்ரை கையாலை, என்ரை சட்டியிலை இருந்து வாங்கி அவ குடிக்கிறதை நான் நிண்டு பாக்கவேணும் எண்டுதான் போனனான்.”

“வாங்கினவவோ?”

“வாங்கினா. ரெண்டு கையையும் நீட்டி வாங்கினா. எனக்குச் சந்தோசமாய்த்தான் இருந்தது. பொய் சொல்லப்படாது.”

அம்மா ஒரு மீனின் தலையைக் கிள்ளிப் பக்கத்தில் போட்டாள்.

“அப்ப ரெண்டாம் நாள் ஏன் போனனீங்கள்?”

“முதல்நாள் அவ அந்தக் கஞ்சியிலை ஒரு மிடறுதான் குடிச்சவ. மிச்சத்தை உள்ளுக்குக் கொண்டுபோனா. எனக்குக் கோவம் ஏறிட்டுது. என்ரை கஞ்சியை ஊத்தப் போறா எண்டு நினைச்சுப் பின்னாலை போய்ச் சாக்கை விலத்திப் பாத்தன்.” அவள் கத்தியை வைத்துவிட்டாள். “ஒருக்களிச்சுக் கிடந்த மனுசனுக்குப் பருக்கிக்கொண்டிருந்தா. அந்த முதுகை அப்பதான் கண்டனான். கண்டாப் பிறகு எப்பிடியடி போகாமல் இருக்கிறது?”